பி53 'நல்' (null, அறவே இல்லை), எம்.எம்.ஆர் இழப்பு, பிடென் இழப்பு: மூன்றும் ஒரே கேஸில். எந்த மாலிக்யுலர் வகையில் போடுவது?

ஹிஸ்டோ_பிஜி: கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய், எண்டோமெட்ரியாய்டு, கிரேடு 3. ஹிஸ்டரக்டமி (கர்ப்பப்பையை அகற்றிய) ஸ்பெசிமனில் புரதங்களுக்கு ஸ்டெயின் போட்டதில் பிடென் இல்லை, எம்.எம்.ஆர் (டி.என்.ஏ பிழை திருத்தும்) புரதங்களான எம்.எல்.ஹெச்1, பி.எம்.எஸ்2 இரண்டும் இல்லை, பி53 ஒரு செல்லில்கூட ஏறவில்லை. டூமர் சப்ரஸர் (கட்டியைத் தடுக்கும்) ஜீன்கள் இத்தனை போய்விட்டதால் ப்ராக்னோசிஸ் மோசம் என்று எழுதலாமா?

பாரஃபின்: அவசரப்படாதீங்க. முதலில் அது 'நல்'தானா? அதே ஸ்லைடில் ஸ்ட்ரோமா (கட்டியைத் தாங்கும் இணைப்புத் திசு) செல், லிம்போசைட் நியூக்ளியஸில் வெளிர் பழுப்பாவது தெரியணும். அதுவும் வெறும் நீலமாக இருந்தால் தோற்றது ஸ்டெயின், ஜீன் இல்லை. எம்.எல்.ஹெச்1-க்கும் இதே சோதனைதான். கர்ப்பப்பையை வெட்டித் திறக்காமல் அப்படியே ஃபார்மலினில் போட்டால் உள்சுவர் வரை ஊறாது. ஓரம் ஏறியிருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. ஆபரேஷனுக்கு முன் டி&சி-யில் (உள்சுவரைச் சுரண்டி) எடுத்த திசுவின் மெழுகு பிளாக் கிடைத்தால் அதில் திரும்பப் போடுங்க.

மாலிக்யுலர்_மேசை: பிடெனை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துடுங்க. எண்டோமெட்ரியாய்டில் பெரும்பாலும் அது போயிருக்கும், அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது.

வகை பிரிப்பதில் வரிசை முக்கியம்: முதலில் 'போல்' (POLE, டி.என்.ஏ-வை நகலெடுக்கும் என்சைமின்) ஜீன் (எக்ஸான் 9 முதல் 14 வரை), பிறகு எம்.எம்.ஆர், கடைசியில்தான் பி53. பி286ஆர், வி411எல் மாதிரி உறுதியான போல் மாற்றம் வந்தால் பி53 கெட்டிருந்தாலும் போல் வகைதான். போல் இல்லை, எம்.எம்.ஆர் இழப்பு உண்டு என்றால் எம்.எம்.ஆர் வகை. அங்கே பி53 பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்த மாற்றம், கட்டியில் திட்டுத்திட்டாகத்தான் தெரியும்.

பெயர் மாறினால் சிகிச்சையே மாறும். போர்டெக்-3 ஆய்வில் பி53 வகைக்கு ரேடியேஷன் மட்டும் கொடுத்தபோது 5 ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் சுமார் 36%, கீமோவும் சேர்த்தபோது 59%. எம்.எம்.ஆர் வகையில் கீமோவால் அப்படி ஒரு லாபம் தெரியவில்லை.

ஹிஸ்டோ_பிஜி: கன்ட்ரோல் பார்த்தேன், நடுப்பகுதியில் ஸ்ட்ரோமாவும் நீலம்தான். டி&சி பிளாக் கேட்டிருக்கிறேன்.

பாரஃபின்: அப்போ இந்த ஸ்லைடை வைத்து பி53 எழுதவே வேண்டாம். பி53 வகை என்பது ஸ்டேஜையே மாற்றும்: 2023 ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) ஸ்டேஜிங்கில், கர்ப்பப்பையோடு நிற்கிற நோய் தசையில் கொஞ்சம் இறங்கியிருந்தாலும், பி53 வகை என்றால் நேராக ஸ்டேஜ் 2சி. எம்.எல்.ஹெச்1 இழப்பு டி&சி-யிலும் உறுதியானால் ப்ரொமோட்டர் மெத்திலேஷன் (ஜீன் கெடாமல் அணைந்திருக்கிறதா என்ற) பரிசோதனைக்கு அனுப்புங்க. மெத்திலேஷன் இல்லையென்றால் லிஞ்ச் சிண்ட்ரோமுக்கு (பரம்பரையாக வரும் எம்.எம்.ஆர் ஜீன் கோளாறு) ரத்தப் பரிசோதனை.