சினையாக உள்ள ராஜபாளையம் நாய்: மருத்துவச் செலவு குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். விருதுநகர் அருகே எங்கள் வீட்டில் வளரும் மூன்று வயது ராஜபாளையம் பெட்டை நாய் இணைசேர்ந்து இன்றோடு 50 நாள்கள் ஆகின்றன. ஏறத்தாழ 63ஆம் நாளில் குட்டி ஈனும் என்பதால், 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளின் எண்ணிக்கையை அறிந்துகொள்ள எண்ணியுள்ளோம். இயல்பாக ஈன முடியாமல் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் 18,000 ரூபாய் வரை ஆகும் எனத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கூறினார்கள். குட்டிகளுக்கான பார்வோ (கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தனிச் செலவு. (விற்கும் எண்ணமில்லை, உறவினர்கள் இப்போதே கேட்டுவைத்திருக்கிறார்கள்.)

திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவு நேரத்திலும் பிரசவம் பார்க்கிறார்களா, கட்டணம் எவ்வளவு என்பதை அங்குச் சென்றுவந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வெண்ணிறமான இவ்வினத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போகக்கூடும் என்பதால், அதை எந்த வயதில், எவ்வாறு கண்டறிந்தீர்கள் என்பதையும் வளர்ப்போர் சொல்ல வேண்டுகிறேன்.