கொலுப் பெட்டிக்குள் பூனை

ஸ்ரீரங்கம்

அடையவளைஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருக்கிறார். 78 வயது, முட்டிவலி. ஆனால் கொலு மட்டும் இன்னும் ஒன்பது படி. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துண்டிலும் பேப்பரிலும் சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றுவது என் வேலை. பரண் இருப்பது எங்கள் போர்ஷனில்.

போன வருஷம் மூன்று பெட்டிகள் ஏறிவிட்டன. நாலாவதில் தசாவதார செட். வாமனரின் குடை முறிந்திருந்தது. ஃபெவிகால் வைத்து, காயட்டும் என்று குடையை ஜன்னல் திட்டில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்தபடியே பெஞ்சின் மேல் விட்டுவிட்டேன். இன்று நாளை என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். பேப்பர் கசங்குகிற சத்தம். பெருச்சாளிதான் என்று முடிவு கட்டி வீட்டுக்காரரை எழுப்பினேன். "காத்துக்கு ஆடுது, படு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி, இந்த வீட்டில் எல்லாம் நான்தான் என்று துடைப்பத்தோடு போய் செல்போன் டார்ச்சை அடித்தால், பெட்டிக்குள் இரண்டு பச்சைப் பொட்டுகள். "ஹ்ஹா" என்று ஒரு சீறல்.

எங்கள் சந்தின் மதில்மேல் போகிற வருகிற முக்கலர்ப் பூனை. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை. அதுவரை எனக்கும் அதற்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் நடுவில் வேட்டித் துணியைக் குழித்துப் படுத்திருந்தது. வயிற்றை ஒட்டி ஈரமாக ஒன்று, எலிக்குஞ்சு மாதிரி. டார்ச்சைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பூனை உடம்பை ஒருமுறை இறுக்கியது. கண்ணாடித்தாள் சுற்றியது போல இன்னொன்று வந்து விழுந்தது. உடனே திரும்பி அந்த உறையை நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, நஞ்சுக்கொடியையும் தானே தின்றுவிட்டு, குட்டியை மூக்கால் தள்ளி முலைப்பக்கம் சேர்த்தது. நர்ஸ் இல்லை, வெந்நீர் இல்லை, "தள்ளும்மா தள்ளு" என்று கத்த ஆள் இல்லை. நான் துடைப்பத்தை மெதுவாகக் கீழே வைத்தேன். விடிவதற்குள் நாலு குட்டிகள்.

இப்போது இரண்டு கவலை. ஒன்று, அது மாமியின் கொலுப் பெட்டி. மடி ஆசாரம் பார்க்கிற வீடு. இரண்டு, பூனைக்கு என்ன போடுவது? இங்கே குடிவரும்போதே முட்டைகூட வீட்டில் வேகக்கூடாது என்பது பேச்சு.

என் பையன் எனக்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் பசும்பாலைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படிக்கிற சித்தி பையனுக்கு போன் போட்டேன். "பாலை எடுத்துருங்கக்கா. வளர்ந்த பூனைங்க நிறையப் பேருக்குப் பால்ல இருக்கற சர்க்கரை செரிக்காது, பேதியாகும். தண்ணி வைங்க. குட்டி போட்ட உடம்பு, நல்ல தீனி வேணும். வேகவெச்ச கோழி, மீன், முட்டை, உப்பு போடாம. குட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீங்க. மனுசக் கை பட்டா விட்டுட்டுப் போயிடும்கறது சும்மா. ஆனா தொந்தரவு இருக்குன்னு தோணுச்சுன்னா இடத்தை மாத்திடும்" என்றான். "அது பொண்ணுங்கறதைக் குட்டி போட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா? மூணு கலர் இருந்தாலே அநேகமா பொண்ணுதான்" என்று ஒரு பாடமும் நடத்தினான். செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். கறுப்பும் செம்பட்டையும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டுமாம். முக்கலர் ஆண் பூனை ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடையாதாம்.

கடையில் பூனைத் தீனி பாக்கெட் ஒன்று வாங்கிவந்தேன். பிரித்தால் கருவாட்டு மண்டி நாற்றம். ஜன்னலைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, ஃபேனை அஞ்சில் வைத்தும் பலிக்கவில்லை. கீழேயிருந்து குரல் வந்துவிட்டது. "ஏண்டிம்மா, என்ன வாசனை அது?"

உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாமி ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினாலு படி ஏறினார். அவர் மேலே வந்து நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பூனை சீறவில்லை. இது எனக்கு இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

"வாமனர் எங்கே?"

"ஜன்னல்ல இருக்கார் மாமி, குடை காயறது."

"நல்ல வேளை, அவர் பிரம்மச்சாரி" என்றார். அப்புறம், "தீனி போடறதை நிறுத்தாதே. அது திங்கறது அதோட ஆசாரம். பாக்கெட்டை மட்டும் டப்பால போட்டு மூடி வை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படி ஏறினதுக்கு இரண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

எட்டாம் ஒன்பதாம் நாள் குட்டிகளுக்குக் கண் திறக்க ஆரம்பித்தது. ஒரே நாளில் பளிச்சென்று திறப்பதில்லை. மூக்குப் பக்கத்து ஓரத்தில் முதலில் ஒரு கீறல், உள்ளே சாம்பல் நீலம். செம்பட்டைக் குட்டிக்கு ஒரு கண் திறந்து மற்றது மூடியே இரண்டு நாள் இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள். நான்தான் தடுத்திருக்க வேண்டும்.

பதினாலாம் நாள் பூனை நிலைகொள்ளவில்லை. பெட்டியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து மதில், திரும்பப் பெட்டி. "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன்டி சுத்தறே" என்று என் அம்மா என்னைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வசவை நாற்பது வயதில்தான் நேரில் பார்த்தேன். அது இடம் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

பதினாறாம் நாள் சாயங்காலம், மழை விட்டிருந்தது. முதல் குட்டியின் பிடரியைக் கவ்வியது. அதுவரை கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்த குட்டி அந்த நொடியே அடங்கி, பின்னங்கால் இரண்டையும் மடக்கி, வாலை வயிற்றோடு சுருட்டிக்கொண்டு துணிப் பொட்டலம் மாதிரி தொங்கியது. ஜன்னல், மதில், பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, அப்புறம் முருங்கை மரத்தின் மறைவு. ஏழெட்டு நிமிஷத்தில் வெறும் வாயோடு திரும்பி வந்தது. இப்படி நாலு நடை. அதோடு முடிந்தது என்று நான் பெட்டியைத் துடைக்கத் துணியோடு போனபோது ஐந்தாவது முறையும் வந்து, காலியான பெட்டிக்குள் இறங்கி, ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்துவிட்டுப் போனது. என்னைப் பார்க்கவே இல்லை.

மாமியிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "ஏழு வீடு மாத்தும்னு சொல்லுவா. நம்மாத்துல ஒண்ணு முடிஞ்சது" என்றார். பிறகுதான் அந்தக் குட்டி கதை வந்தது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டிக்கு ஒரு வேலையும் இல்லை, தாய் கவ்விக்கொண்டு போகும், அது மார்ஜார நியாயம். பெருமாளைச் சரணடைவதில் வைணவர்களில் வடகலை குரங்கு, தென்கலை பூனை. "நாங்க பூனைக் கட்சி. அதான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை" என்றார்.

உங்கள் வீட்டுக்கு வந்த பூனைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

நாகர்கோவில்

எங்களுக்கு வந்தது பெட்டை இல்லை, கண்டன் பூனை. தலை மட்டும் தேங்காய் அளவு, ஒரு காது சண்டையில் கிழிந்தது. மீன்காரி அக்கா தெருமுனையில் குரல் கொடுத்ததும் எங்கள் அடுக்களை வாசலில் ஆஜர். அம்மை அருவாமணையைப் போட்டுச் சாளைக்குச் செதில் உரசும்போது சரியாக மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருக்கும். பாதி திறந்த கண்ணோடு, எனக்கு இதில் ஒன்றுமே இல்லை என்பது போல. தலையும் குடலும் அதற்கு. செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அந்த இரண்டு நாளும் அது வராது. கிழமை தெரிந்த பூனை என்று அம்மை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மீன்காரி அக்கா அந்த நாள்களில் எங்கள் தெருவுக்கே வருவதில்லை என்று நான் சொன்னால் எனக்குத் திட்டு விழும்.

ஒரு நாள் அயிலை பெரிதாகக் கிடைத்தது. நான் பெருமைக்குத் தலையைக் கையில் பிடித்து நீட்டினேன். மீனோடு சேர்த்து என் பெருவிரலையும் பிடித்துவிட்டது. இரண்டு பல் இறங்கியது. அம்மை மஞ்சள் பொடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதைத் தடுத்ததுதான் நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம். குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். பிறகு அரசு ஆஸ்பத்திரி. நாய் கடித்தால்தான் ஊசி, பூனைக்கு எதற்கு என்று அப்பா கேட்டார். பூனைக் கடியிலும் ரேபிஸ் வரும், பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் சீழும் சீக்கிரம் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே முதல் ஊசி, அப்புறம் 3, 7, 28 என்று நாள் கணக்கு. இரண்டு தோளிலும் தோலுக்குள் போடுகிற சின்ன ஊசி. காசு வாங்கவில்லை. பயந்த அளவுக்கு வலியும் இல்லை.

திரும்பி வந்தால் அது அதே இடத்தில், மூன்று அடி தள்ளி. இப்போது தலையைச் சிரட்டையில் வைத்துத் தள்ளிவிடுகிறோம்.

கோவை

சின்ன விஷயம்தான், மழைக்காலம் என்பதால் சொல்கிறேன். காரை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். எஞ்சின் சூட்டுக்குப் பூனை உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் அபார்ட்மென்டில் தட்டாமல் எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

சிங்கப்பூர், ஈசூன்

எங்கள் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் பூனைகள் கீழ்த்தளத்தில்தான் இருக்கும். கல் மேசைக்கு அடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தில். ஒன்று மட்டும் லிஃப்டில் யாரோடோ ஏறி ஐந்தாம் மாடிக்கு வந்து, எங்கள் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலில் சுருண்டு படுத்துக்கொள்ளும். இடது காது நுனி நேராக வெட்டியிருக்கும். முதலில் யாரோ கொடுமைப்படுத்திவிட்டார்கள் என்று என் மனைவி பதறிவிட்டாள். அது கருத்தடை ஆன பூனைக்கு அடையாளம். திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு போய்க் கத்தி வைக்காமல் இருக்க.

வெகுகாலம் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடையாது. வளர்த்தவர்கள் உண்டு, சத்தமில்லாமல். 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு இரண்டு வரை வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும் என்று ஆனது. என் மகள் அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டுச் செருப்புக் குவியல் பூனையை உள்ளே கூப்பிட்டாள். அது வாசற்படி வரை வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் இடது செருப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்றுவரை அப்படித்தான்.

ஸ்ரீரங்கத்து அம்மாவிடம் ஒரு கேள்வி. அந்தத் தாய்க்கு அறுவை செய்தீர்களா? பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும்.

ஸ்ரீரங்கம், மறுபடியும்

செய்தோம். அதில்தான் எனக்கும் மாமிக்கும் மனஸ்தாபம்.

குட்டிகளை ஒரு மாதம் கழித்துப் பின்சந்துத் தையல்கடையில் பார்த்தேன். வெட்டுத் துணி போட்டு வைக்கிற சாக்குக்குள் நாலும். டெய்லர் அண்ணன், "உங்க வீட்டுப் பூனையாம்மா? எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி மாவு மில்லுல ஒரு வாரம் இருந்துச்சே" என்றார். மாமியிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணி, "மூணு ஆச்சு. இன்னும் நாலு" என்றார். நாலு ஆகவில்லை. இரண்டு குட்டிகளை டெய்லர் அண்ணனின் உறவுக்காரர்கள் கொண்டுபோனார்கள். ஒன்று காணாமல் போனது. செம்பட்டை மட்டும் தையல் மிஷினுக்கடியில் நூல்கண்டை உருட்டிக்கொண்டு இருக்கிறது.

பால் மறந்ததும் நானும் டெய்லர் அண்ணனும் பாதிப் பாதி செலவு போட்டுத் தாய்க்கு அறுவை செய்துவிட்டோம். கூடையில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோகும்போது அது கத்திய கத்தலில் டிரைவர் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டினார். மாமிக்குப் பிடிக்கவில்லை. "அதுக்கு என்ன வேணும்னு அதைக் கேட்டியா?" என்றார். வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈடு போட்டால் இந்தச் சந்து தாங்குமா மாமி, போன தடவை காணாமல் போனதை நினைத்துப் பாருங்கள் என்றேன். பதில் சொல்லாமல் விளக்கேற்றப் போய்விட்டார். நான் செய்தது சரிதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த வருஷம் பெட்டியைப் பிரித்தபோது மச்சாவதாரத்தைச் சுற்றியிருந்த வேட்டித் துண்டில் முடி ஒட்டியிருந்தது, மூன்று நிறத்திலும். தோய்க்கட்டுமா என்று கேட்டேன். மாமி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து அந்தப் பெட்டியின் அடியிலேயே போட்டார். "இதைக் கடைசியா ஏத்து, அவசரமில்லை" என்றார்.

கொலு முடிந்து பத்து நாள் ஆகிறது. மூன்று பெட்டிகள் ஏறிவிட்டன. நேற்று மழை.