கடைக் குத்தகை புதுப்பிப்பு: வாடகைத் தகராறை நடுவரிடம் விடலாமா?

கேள்வி:
இங்கிலாந்தில் தையல் கடை நடத்துகிறேன். பத்தாண்டுக் குத்தகை முடியப்போகிறது. உரிமையாளர் 1954ஆம் ஆண்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 25ஆவது பிரிவில், பழைய குத்தகையை முடிக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். புதிய குத்தகை தர மறுக்கவில்லை. அவர் கேட்கும் வாடகைதான் தாங்காது. நான் கைக்காசு போட்டுக் கட்டிய பின்னறையையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். 'பாக்ட்' (PACT) முறையில், அதாவது நீதிபதிக்குப் பதிலாக நடுவரோ நிபுணரோ முடிவு செய்யும் முறையில், நடுவரிடம் விடலாம் என்கிறார் சொத்து மதிப்பிடும் எங்கள் சர்வேயர். நோட்டீசில் உள்ள தேதிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. பேச்சு நடப்பதால் பொறுத்திருக்கலாமா?

மறுமொழி 1:
பொறுக்காதீர்கள்! அந்தத் தேதிக்குள் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்; இல்லையென்றால், கெடுவை நீட்டிக்க இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் புதுப்பிக்கும் உரிமையே போய்விடும். வழக்கமாக மனுவைப் போட்டு, இருவர் சம்மதத்தோடு வழக்கை நிறுத்திவைத்துவிட்டுத்தான் நடுவரிடம் போவார்கள். குத்தகைப் பத்திரத்தில் அந்தச் சட்டத்தின் 24 முதல் 28 வரையான பிரிவுகளை விலக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். விலக்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பே உங்களுக்குக் கிடையாது.

மறுமொழி 2:
'பாக்ட்' 1997இல் சர்வேயர்கள் அமைப்பும் வழக்கறிஞர் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. எதில் உடன்பாடில்லையோ அதை மட்டும் விடலாம். நடுவரா, தனி நிபுணரா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். நடுவர் இருதரப்பும் வைக்கும் சான்றுகளைக் கொண்டு தீர்ப்பளிப்பார். நிபுணர் தன் அனுபவத்தை வைத்தே முடிவெடுக்கலாம். அதை எதிர்ப்பது மிகக் கடினம். கையில் ஆவணம் இருப்பவருக்கு நடுவர்தான் நல்லது என்பேன். ஒப்பந்தக் கட்டாயம் இல்லாமல் நீங்களாகக் கட்டியதைச் சேர்த்து வாடகையை ஏற்ற 34ஆவது பிரிவு இடம் தராது. அனுமதிக் கடிதம் இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது! பழைய கோப்பில் உரிமையாளர் கையெழுத்தோடு கிடைத்தது. பின்னறையைச் சிவப்புக் கோட்டால் குறித்த வரைபடம் அதோடு பின் குத்தியிருக்கிறது. தச்சர் ரசீதில் மை மங்கிவிட்டது, தேதி மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

மறுமொழி 2:
அந்த வரைபடம் மிக முக்கியம், இன்றே நகல் எடுங்கள். இன்னொன்று: நீதிமன்றம் புதிய குத்தகைக்கு உத்தரவிட்டால், கட்டுப்படியாகாத வாடகைதாரர் 14 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். நடுவரிடம் போகும்போதும் இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

கேட்டவர்:
வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன். கெடு நீட்டிப்புக் கடிதம் உரிமையாளருக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் திங்களன்று மனு போடுகிறோம்.