லெஃப்ட் ஜாயின் எழுதியும் இரவல் எடுக்காத உறுப்பினர்கள் விடுபடுகிறார்கள்

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்காக மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற மென்பொருளில் ஒரு சிறிய தரவுத்தளம் வைத்திருக்கிறேன். ‘உறுப்பினர்’ அட்டவணையில் 412 பேர் இருக்கிறார்கள்; யார் எந்த நூலை எந்தத் தேதியில் எடுத்தார் என்பது ‘இரவல்’ அட்டவணையில் பதிவாகிறது. 2024-இல் ஒரு நூல்கூட எடுக்காதவர்களும் பட்டியலில் வர வேண்டும் என்பதால், உறுப்பினர் எண்ணை வைத்து லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN, முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் விடாமல் இரண்டாவதோடு இணைப்பது) எழுதி, இரவல் தேதி 2024-க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் கொடுத்தேன். நூல் எடுத்தவர்கள் மட்டுமே வருகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
இரவல் இல்லாதவருக்குத் தேதி ‘நல்’, அதாவது வெற்று மதிப்பாக இருக்கும். ‘அல்லது தேதி நல்லாக இருந்தால்’ என்று ‘வேர்’ பகுதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
அது பாதி வழிதான் உதவும். உறுப்பினர் எண் 57 கடைசியாக 2023 நவம்பரில் ஒரு நூல் எடுத்தார் என்று வையுங்கள். அந்தப் பழைய இரவலோடு அவர் பொருந்திவிடுவதால் அவருடைய தேதி வெற்றாக இருக்காது, 2024-ஆகவும் இருக்காது, ஆகவே அவர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார். வெற்று மதிப்பை எதனுடன் ஒப்பிட்டாலும் ‘தெரியாது’ என்பதே விடை என்பதாலும், ‘உண்மை’ ஆன வரிசைகளை மட்டுமே ‘வேர்’ விடும் என்பதாலும், உங்கள் லெஃப்ட் ஜாயின் நடைமுறையில் இன்னர் ஜாயின் (INNER JOIN, இரு அட்டவணைகளிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் தரும் இணைப்பு) ஆகிவிடுகிறது. தேதி நிபந்தனையை, அட்டவணைகள் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் ‘ஆன்’ (ON) பகுதிக்கு, உறுப்பினர் எண் பொருத்தத்துக்கு அடுத்தபடியாக ‘அண்ட்’ (AND) போட்டு நகர்த்துங்கள். அப்போது 2024-இன் இரவல்கள் மட்டுமே பொருத்தத்துக்கு வரும். பொருந்தாத உறுப்பினர் எவரும் விடுபட மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
412 பேரும் வந்துவிட்டார்கள், மிக்க நன்றி. ஆனால் குரூப் பை (GROUP BY) கொண்டு உறுப்பினர்வாரியாகத் தொகுத்து இரவல்களை எண்ணினால், எதுவும் எடுக்காதவருக்கும் 1 என்று காட்டுகிறது.

மறுமொழி 2:
எண்ணிக்கை தரும் கவுன்ட்டில் (COUNT) நட்சத்திரக் குறி இட்டிருப்பீர்கள். அது வரிசைகளை எண்ணும், அவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது அல்லவா. அதற்குப் பதிலாக இரவல் எண் நெடுவரிசையைக் கொடுங்கள். வெற்று மதிப்புகளைக் கவுன்ட் கணக்கில் எடுக்காது என்பதால் 0 வரும்.