நீச்சல் உடை தொங்கிப்போகிறது, பளபள லெக்கிங்ஸ் உரிகிறது. எப்படிப் பராமரிப்பது?

கயல்_அம்மா:
வணக்கம். மகள் கோடை விடுமுறையில் நீச்சல் கற்றுக்கொள்ளத் தொடங்கி, இப்போது வாரத்தில் பாதி நாள் குளத்தில்தான் இருக்கிறாள். வாங்கியபோது உடம்போடு ஒட்டி நின்ற உடை இப்போது பின்பக்கம் தொங்குகிறது. உட்காரும் இடத்தில் துணி மெலிந்து, வெள்ளையாக முடி மாதிரி நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம், பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு வாங்கிய கறுப்பு பளபள லெக்கிங்ஸ் ஒன்று. அலமாரியில் மடித்தபடியே ஒட்டிக்கொண்டது. பிரித்தால் பளபளப்பு செதில் செதிலாக உதிர்கிறது. இரண்டையும் மெஷினில் போடுவதில்லை. சோப்புக் கட்டி போட்டு, கடைசி அலசலில் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றி, மொட்டை மாடியில் காயப்போடுகிறேன். அடுத்தது வாங்குவதற்குள் தெரிந்துகொள்ள ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேவதி_கோவை:
முதலில் மொட்டை மாடி வெயிலை நிறுத்துங்க கயல். நிழலில், காற்றோட்டமாகப் போட்டாலே மெல்லிய துணி சீக்கிரம் காய்ந்துவிடும். என் பெண்ணுக்கு இரண்டு உடை வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

திருப்பூர்_நூல்:
நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி லேபில் துணி சோதனை பார்க்கிறேன். துணியை இழுத்து விட்டு, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பது என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த வெள்ளை முடி அறுந்துபோன ஸ்பான்டெக்ஸ் இழைங்க. கடையில் லைக்ரா என்று கேட்போமே, லேபிளில் எலாஸ்டேன் என்றும் போடுவார்களே, அதேதான். 1958இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய பாலியூரித்தேன் வகை இழை. நீச்சல் உடையில் பெரும்பாலும் நைலான் 80 பங்கு, இது 20 பங்கு இருக்கும். துணிக்கு உடம்பு கொடுப்பது நைலான், இழுத்து விட்டால் திரும்ப வரவைப்பது ஸ்பான்டெக்ஸ். குளத்துக் குளோரின் ஸ்பான்டெக்ஸைத்தான் முதலில் அரிக்கும். அதனால்தான் மேலோட்டமாகப் பார்த்தால் துணி நன்றாக இருக்கும், பிடிமானம் மட்டும் போய்விடும். பின்பக்கம் முதலில் போவதற்குக் காரணம், பிள்ளைகள் குளத்தின் சொரசொரப்பான விளிம்பில் உட்கார்ந்து சறுக்கி இறங்குவது. அங்கே ஒரு துண்டை விரித்து உட்காரச் சொல்லுங்க.

துவைப்பதை விட முக்கியமானது, குளத்தில் இறங்கும் முன் உடையோடு ஷவரில் நன்றாக நனைவது. காய்ந்த துணி முதலில் கிடைக்கும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரைக் குடித்த துணிக்குள் குளோரின் தண்ணீர் குறைவாகத்தான் ஏறும். ஏறி வந்ததும் அங்கேயே மறுபடி ஒரு அலசல். ஈர உடையைப் பாலிதீன் கவரில் சுருட்டி, வண்டி சீட்டுக்கடியில் வைத்து வெயிலில் கொண்டுவருவதுதான் பெரிய கெடுதல். சூடும் குளோரினும் சேர்ந்து வேலை செய்யும்.

வீட்டில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர், அரை மூடி லிக்விட் சோப்பு போதும். அமுக்கி அமுக்கி எடுங்க. பிரஷ், துவைகல், பிழிவது எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி சரியாக நுரைக்காமல் துணியிலேயே படிந்துவிடும், அதை விட்டுவிடுங்க. கண்டிஷனரும் இழை மேல் படலமாகப் படியும், தேவையே இல்லை. அலசியதும் துண்டில் வைத்துச் சுருட்டி ஒரு அழுத்து அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். கயிற்றில் தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையிலேயே பட்டை நீளும். இடுப்புப் பாகம் கயிற்றில் மடிந்து கிடக்கிற மாதிரி போடுங்க. குளோரின் வாடை போகவே இல்லை என்றால், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரினைச் சில சொட்டு, அரை வாளித் தண்ணீரில் விட்டு முக்கி அலசலாம். அது சோடியம் தயோசல்ஃபேட், குளோரினை முறிக்கும்.

அடுத்த உடை வாங்கும்போது லேபிளில் பாலியஸ்டர், பிபிடி (இழுபடும் ஒரு வகைப் பாலியஸ்டர்) என்று போட்டிருக்கிறதா பாருங்க. அது குளோரினை நன்றாகத் தாங்கும். இழுவை கொஞ்சம் குறைவுதான், ஆனால் தினசரிப் பயிற்சிக்கு அதுதான் சரி.

லெக்கிங்ஸுக்கு வருகிறேன். பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் இழுத்துப் பாருங்க. மினுக்கம் அப்படியே நின்றால், அது நூலிலேயே இருக்கிறது. முக்கோண வெட்டுள்ள நைலான் இழை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. காய்ந்த ஏரி மண் மாதிரி விரிசல் விட்டால், அது ஃபாயில் அல்லது கோட்டிங்.

ஃபாயில் என்றால் துணியில் பசையை அச்சடித்து, மேலே மெல்லிய ஃபாயிலைச் சூடாக அழுத்தி ஒட்டியது. சூடு பட்டால் பசை மறுபடி இளகும். இஸ்திரி கூடவே கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்துச் சுருட்டி வையுங்க, மடிக்காதீங்க. உங்களுடையது ஒட்டுவதோடு செதிலாகவும் வருவதால், பாலியூரித்தேன் கோட்டிங், அதாவது துணி மேல் பூசிய பிளாஸ்டிக் படலம் என்று நினைக்கிறேன். காற்றில் உள்ள ஈரமே அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும். கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். காற்றோட்டமாக வைத்துத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. அதனால் அப்படிப்பட்டதை விழாவுக்குக் கிட்டத்தில் வாங்குங்க. அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவைப்பதில் பயனில்லை.

கயல்_அம்மா:
ரொம்ப நன்றி அண்ணா. லேபிளைப் பார்த்தேன், நைலான் 82, எலாஸ்டேன் 18. லெக்கிங்ஸ் நீங்கள் சொன்ன மாதிரியே விரிசல் விடுகிறது. ஒரு சந்தேகம்: தொங்கிப்போன உடையைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் சுருங்கி இறுகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செய்து பார்க்கலாமா?

மதுரை_காஸ்ட்யூம்:
நாங்கள் பள்ளி விழாக்களுக்கு உடை வாடகைக்குக் கொடுக்கிறோம். நூல் இழுபடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கொலுசு, ஊக்கு மாட்டி ஒரு கண்ணி வெளியே வந்தால் கத்தரிக்காதீர்கள். கத்தரித்தால் அங்கிருந்து ஓட்டையாகும். ஊசியை உள்பக்கத்திலிருந்து குத்தி, கண்ணியைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, துணியைக் குறுக்காக மெதுவாக இழுத்தால் சுருக்கமும் சரியாகிவிடும். பாலியஸ்டர் சாட்டினாக இருந்தால் உள்பக்கம் திருப்பி, மேலே காட்டன் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். நேரடியாகத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி தழும்பு விழும், அது போகாது.

திருப்பூர்_நூல்:
காஸ்ட்யூம் அண்ணா சொன்னது சரி. லேபிளில் இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அர்த்தம், பெட்டியை அதன் மிகக் குறைந்த சூட்டிலேயே வையுங்க. முக்கோணத்தில் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் ஆகாது.

கயல், கொதிநீர் வேண்டாங்க. அறுந்த இழை எதைச் செய்தாலும் சேராது, மிச்சமிருப்பதும் சூட்டில் தளர்ந்துவிடும். துணி மெலிந்து வெளியே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டதால், பாப்பாவை அதோடு குளத்துக்கு அனுப்பவும் வேண்டாம். புதுசு வாங்கும்போது கடையில் வைத்தே அதன் இடுப்புப் பகுதியை நன்றாக இழுத்து விட்டுப் பாருங்க. உடனே பழைய அளவுக்கு வராமல் அலை அலையாக நின்றால் வேறொன்று கேளுங்க.