லைப்சிக்கில் முகவரிப் பதிவு: வீடு கொடுத்தவர் கையெழுத்திட மறுக்கிறார்

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஜெர்மன் மொழி படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்றுள்ள என் தங்கையால் இதுவரை முகவரியைப் பதிவு செய்ய முடியவில்லை. செப்டம்பர் 29 அன்று அறைக்குக் குடிபுகுந்தாள். இரண்டு வாரத்துக்குள் ‘அன்மெல்டுங்’ என்ற இந்த முகவரிப் பதிவை முடிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம் என்பதால், அக்டோபர் 13 வரைதான் அவகாசம் உள்ளது.

பதிவுக்கு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்ற உறுதிக் கடிதம் வேண்டும். (ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்தவளுக்கே அந்தச் சொல் வாயில் நுழையவில்லை.) அறையை உள்வாடகைக்கு விட்ட பெண்மணியோ, உரிமையாளருக்குத் தெரியாமல் விட்டிருப்பதாகச் சொல்லி, இரண்டு முறை கேட்டும் மறுத்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குச் சென்றாள். ஒப்பந்தம் அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது என்றார்கள். மொழிப்பள்ளியில் விசாரித்தும் பயனில்லை.

தபால் பெட்டியில் அவள் பெயரை ஒட்டவும் அந்தப் பெண்மணி விடவில்லை. நம் ஊரில் அப்பா பெயரை மட்டும் எழுதினாலே தபால்காரர் கடையைத் தேடி வந்து கொடுத்துவிடுவார். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடுகிறது. வங்கி அனுப்பிய கார்டு அப்படித்தான் திரும்பியது. இப்போது அவள் கையில் 140 யூரோ இருக்கிறது. வேறு அறையும் தேடுகிறாள். 13ஆம் தேதிக்குள் அமையும் என்று தோன்றவில்லை.

உள்வாடகைக்கு விட்டவர் கையெழுத்திட மறுத்த நிலையில் ஜெர்மனியில் பதிவை முடித்தவர்கள், அலுவலகத்தில் எதைக் காட்டி, என்ன சொல்லி முடித்தீர்கள்?