கிங் வீட்டு நாற்காலியில் இருந்த துப்பாக்கி

நெடுவழி:
அந்திவிளக்கு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பிரார்த்தனையில் பிறக்காத அகிம்சை வெறும் தந்திரம். மார்ட்டின் லூதர் கிங் முதல் நாளிலிருந்தே ஆயுதத்தை மனதாலும் நினைக்காதவர்" என்கிறார். அமெரிக்காவின் மான்ட்கமரியில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது 1955 டிசம்பர் 5. 1956 ஜனவரி 30 இரவு கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கி வைத்துக்கொள்ள அவரே மனுக் கொடுத்தார், கிடைக்கவில்லை. அடுத்த மாதம், அகிம்சைப் போராட்டத்தில் அனுபவம் உள்ள பேயார்ட் ரஸ்டின் அந்த வீட்டுக்குப் போனார். கூடப் போன நிருபர் உட்காரப் பார்த்த நாற்காலியில் துப்பாக்கி கிடந்தது. ரஸ்டின்தான் பதறித் தடுத்தார். முதல் நாளிலிருந்தே என்றால் எந்த முதல் நாள்?

அந்திவிளக்கு:
குண்டு வெடித்த இரவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்களே. வெடித்தபோது வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர் மனைவியும் மூன்று மாதம்கூட நிறையாத பெண் குழந்தையும். வாசலில் ஆயுதத்தோடு கொதித்து நின்ற கூட்டத்தை, பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் யார்? அதற்குச் சில நாள் முன்புதான் நடுராத்திரியில் மிரட்டல் தொலைபேசி வந்து, தூக்கம் போய், சமையலறை மேசையில் காபியை வைத்துக்கொண்டு தலை கவிழ்ந்து பிரார்த்தித்தார். அந்த இரவின் பலம் அது.

நெடுவழி:
கேட்டதற்குப் பதில் இல்லை. நாற்காலியில் துப்பாக்கி இருந்ததா, இல்லையா?

அந்திவிளக்கு:
காவலுக்கு நின்றவர்கள் வைத்தது. கிங் அதைத் தொட்டார் என்று யார் சொன்னது?

நெடுவழி:
மனு காவல்காரர் பெயரிலா இருந்தது? "மனதாலும் நினைக்காதவர்" என்று எழுதியது நீங்கள். நினைக்காமல் மனு எழுத முடியுமா?

சாட்டை:
நீங்கள் இருவரும் அமெரிக்காவுக்கே ஓடுவது ஏன் என்று தெரியும். 1932 எரவாடா சிறைக்கு வாருங்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்துக் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம். விட்டுக்கொடுப்பதைத் தவிர அம்பேத்கருக்கு வேறு வழி இருந்ததா? ஆன்மிக அகிம்சை யார் கழுத்தை நெரித்தது என்று அங்கே தெரியும்.

படகோட்டி:
அதன் முடிவில் வந்த புனா ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய 71 இடங்கள் 148 ஆனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாட்டை:
எண்ணிக்கை கூடியது. தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. 1922இல் நடந்த சௌரி சௌரா வன்முறையை 1921 என்று எழுதிவிட்டு ஒரு வாரம் வாதாடியவர் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

படகோட்டி:
தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன். எல்லை காந்தி பாட்சா கானின் தொண்டர்களான குதாயி கித்மத்கார்கள் கடவுள் பேரில் உறுதிமொழி எடுத்தவர்கள். 1930 ஏப்ரல் 23, பெஷாவர் கிஸ்ஸா குவானி கடைவீதியில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே வெறுங்கையோடு நின்றார்கள். அதைப் பார்த்து ஆங்கிலேய அரசின் கர்வால் படைச் சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். பக்தி இல்லாமல் இது நடக்குமா?

நெடுவழி:
பயிற்சி இருந்தால் நடக்கும். அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஜேம்ஸ் லாசன், நிறப் பாகுபாட்டை எதிர்த்த மாணவர்களை உட்கார வைத்து, சக மாணவர்களையே வசைபாட விட்டார், முகத்தில் புகை ஊத விட்டார், நாற்காலியோடு கீழே தள்ள விட்டார். திருப்பி அடிக்காமல் இருக்கக் கை பழகிய பிறகுதான் 1960 பிப்ரவரியில் கறுப்பரை உட்காரவிடாத உணவகங்களில் போய் உட்கார்ந்தார்கள். மான்ட்கமரியில் 381 நாள் ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது நூற்றுக்கணக்கான கார்கள்.

அந்திவிளக்கு:
லாசன் இறையியல் மாணவர். ரஸ்டின் குவேக்கர், போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1963இல் கிங் நடத்திய பர்மிங்காம் போராட்டத்தின் தொண்டர்கள் கையெழுத்திட்ட அட்டையின் முதல் விதியே, இயேசுவின் வாழ்வையும் போதனையையும் தினமும் தியானி என்பது. பயிற்சி கொடுத்த கை எல்லாம் கும்பிட்ட கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

நெடுவழி:
பூசணிக்காயை மறைப்பது நீங்கள். அந்தக் குவேக்கர் வந்து வாதாடிய பிறகே துப்பாக்கி வீட்டைவிட்டுப் போனது. சமையலறைப் பிரார்த்தனை ஜனவரியில், துப்பாக்கி பிப்ரவரியில். பிரார்த்தனைக்குப் பிறகும் நாற்காலியில் கிடந்தது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அந்திவிளக்கு:
கடைசியில் போனதா இல்லையா? சாகும்வரை ஆயுதம் இல்லாமல் வாழ்ந்தாரா இல்லையா?

நெடுவழி:
"கடைசியில்" இப்போது வந்த சொல். நேற்று எழுதியது "முதல் நாளிலிருந்தே".

சாட்டை:
எரவாடாவுக்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்திவிளக்கு:
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் இனி எனக்குப் பேச்சில்லை.

நெடுவழி:
போன மாதமும் இதையே சொல்லிவிட்டு மறுநாள் காலையில் வந்தீர்கள். வரும்போது அந்த மனு யார் பெயரில் இருந்தது என்று எழுதுங்கள்.